போட்டதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

நுரையீரல் புற்றுநோய்க்கு நானோ துகள் வழியாக மரபணுவை அடக்கும் மருந்து தேடும் ஆய்வாளர்களுக்கும், அவர்களுக்கு நிதி ஒதுக்குகிறவர்களுக்கும், அந்த ஆய்வுகளை வெளியிடும் இதழாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் விஞ்ஞானி இல்லை. 2017-இல் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. 2019 தொடக்கத்தில் அவர் போய்விட்டார். அந்த இடைப்பட்ட மாதங்களில்தான் உங்கள் துறையைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் விடாமல் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க உங்கள் மேல் மரியாதை கூடுகிறது. கூடவே ஒரு கோரிக்கையும் வலுத்துக்கொண்டே வருகிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

அப்பா கணக்கு எழுதிப் பிழைத்தவர். வாழ்நாள் முழுக்க நாள்வழியும் பேரேடுமாக இருந்த மனிதர். நோய் வந்த பிறகு, செய்தித்தாளில் வந்த ஒரு துணுக்கை வெட்டி, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார். நானோ துகள்களில் ஏற்றி அனுப்பிய மரபணு மருந்து, எலிகளுக்கு வந்த நுரையீரல் புற்றுக்கட்டியைச் சுருக்கியது என்று அதில் போட்டிருந்தது. ஒருநாள் கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது அதை எடுத்து விரித்தார். ஓரத்து வெள்ளை இடத்தில் பென்சிலால் நெடுகக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார். இடப்பக்கம் 'போட்டது', வலப்பக்கம் 'சேர்ந்தது'. இரண்டுக்கும் கீழே ஒன்றும் எழுதவில்லை.

"ஊசி எவ்வளவு போட்டாங்க, அதுல எவ்வளவு கட்டிக்குப் போச்சு, மிச்சம் எங்க போச்சு? ஒண்ணுமே எழுதலையேம்மா" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் துறையே இருபது வருடமாக முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான் என்பது ரொம்பப் பிறகுதான் புரிந்தது.

எங்களுக்கு உங்கள் ஆராய்ச்சி ஏன் இவ்வளவு பெரிதாகப் பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பயாப்ஸி அறிக்கையில் கே-ராஸ் மரபணுவில் ஜி12வி மாற்றம் என்று வந்திருந்தது. என்ன அர்த்தம் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளில் ஜி-ஜி-யு என்று மூன்று எழுத்து எழுதினார். நடுவில் இருந்த ஜி-யை அடித்துவிட்டு யு என்று மாற்றினார். அவ்வளவுதான். அந்த மரபணு அனுப்பும் செய்தியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் 'வளர்' என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. "இதுக்கு மாத்திரை இல்லையா?" என்று கேட்டேன். "இந்த மரபணுவுக்கு இதுவரைக்கும் இல்லை" என்றார்.

அந்த மரபணு சொல்லிச் செய்யும் புரதம் வழவழப்பானது, மருந்து போய் உட்கார ஒரு பொந்து கிடைக்கவில்லை என்று பிறகு படித்தேன். 1980-களின் தொடக்கத்திலேயே அடையாளம் கண்ட மரபணு அது. ஜி12சி என்ற ஒரு வகை மாற்றத்தில் மட்டும் அப்படி ஓர் இடுக்கு இருப்பதை கெவன் ஷோகட்டின் குழு 2013-இல் காட்டியது. அதன் வழியாக 2021-இல் சோட்டோராசிப் வந்தது, 2022 கடைசியில் அடாக்ராசிப் வந்தது. வந்தவரைக்கும் பெரிய சந்தோஷம்தான். ஆனால் அப்பாவுக்கு இருந்தது சி இல்லை, வி. அந்த இரண்டு மாத்திரையும் அவர் உயிரோடு இருந்திருந்தாலும் அவருக்கு ஆகியிருக்காது.

நீங்கள் செய்யும் வேலைக்குப் பொந்து தேவையில்லை. புரதத்தோடு மல்லுக்கட்டாமல், அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லிப் போகும் செய்தியையே நடுவழியில் மடக்கிக் கிழிக்கிறீர்கள். மரபணுவின் வாயைக் கட்டுவது என்று நான் வீட்டில் சொல்வேன். எழுத்து வரிசை தெரிந்தால் போதும், அதற்கு எதிர்வரிசை எழுதிவிடலாம். ஓர் எழுத்து மட்டும் மாறிய செய்தியைக் கிழித்து, மாறாததை விட்டுவைப்பது அவ்வளவு லேசில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் 'இதற்கு வழியே இல்லை' என்பதற்கும் 'இது கஷ்டம்' என்பதற்கும் நோயாளி வீட்டில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் போனபோது ஒரு புழுவிடம் போய் நின்றேன். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் அந்தப் புழுவுக்குள் ஆர்.என்.ஏ.-வை, அதாவது மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறை, இரட்டை இழையாகச் செலுத்தினார்கள். தசைக்கான ஒரு மரபணு அடங்கிப்போய்ப் புழு துடிக்க ஆரம்பித்தது. ஒற்றை இழையாகக் கொடுத்தபோது இந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரட்டை இழையில் ஒரு செல்லுக்குச் சில மூலக்கூறுகளே போதுமானதாக இருந்தன. 2001-இல் தாமஸ் டூஷலின் குழு, 21 எழுத்து நீளச் சிறு துண்டுகளைக் கொடுத்தால் பாலூட்டிகளின் செல்களிலும் இதே காரியம் நடக்கும் என்று காட்டியது. 2006-இல் ஃபயருக்கும் மெல்லோவுக்கும் நோபல் பரிசு. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிற ஒரு புரதக் கூட்டம் அந்தத் துண்டின் ஓர் இழையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் செய்தி வந்தால் வெட்டிப்போடுகிறது. வெட்டிய பிறகும் இழை தீர்ந்துபோவதில்லை, அடுத்த செய்தியைத் தேடிப் போகிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அப்புறம் ஏன் இது இன்னும் நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்தாகவில்லை?

2018 ஆகஸ்டில் இந்த வகையின் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாடிசிரான் என்று பெயர், கொழுப்பு நானோ துகளில் ஏற்றிய மருந்து. அப்பா அப்போது இருந்தார். அந்தச் செய்தியை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் அது பரம்பரையாக வரும் வேறொரு நோய்க்கு, கல்லீரலில் வேலை செய்யும் மருந்து. அதற்கடுத்து வந்த கிவோசிரான், லுமாசிரான், கொழுப்பைக் குறைக்கும் இன்க்ளிசிரான் எல்லாமே கல்லீரலுக்குத்தான்.

ஏன் கல்லீரல் என்று பார்த்தால், அது தானாகவே வாங்கிக்கொள்கிற உறுப்பு. கொழுப்புத் துகள் இரத்தத்தில் இறங்கியதும் அபோ-ஈ என்ற புரதம் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் செல்கள் அதை வழக்கமான கொழுப்புச் சரக்கு என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பின்னால் வந்த மருந்துகளில் கால்நாக் என்ற சர்க்கரைக் கொக்கியை மாட்டினார்கள். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதம் கல்லீரல் செல்லின் மேல் கொட்டிக் கிடக்கிறது. புற்றுநோய் பிடித்த நுரையீரலுக்கு இப்படி ஒரு நல்ல வாய்ப்பு அமையவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வாயைக் கட்டும் வித்தை உங்களுக்குக் கைவந்துவிட்டது. ஆளிடம் போய்ச் சேருவதுதான் பாக்கி.

போய்ச் சேரும் பாதையைப் படித்தால் மலைப்பாக இருக்கிறது. அந்த 21 எழுத்துத் துண்டு ஆஸ்பிரின் மூலக்கூறைவிட 70 மடங்குக்கு மேல் கனம். மேலெல்லாம் எதிர்மின்னூட்டம், அதனால் செல்சவ்வைத் தாண்டித் தானாக உள்ளே நுழையாது. வெறுமனே இரத்தத்தில் விட்டால் சில நிமிடங்களில் நொதிகள் அரித்துவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம் வடித்துவிடும். அதனால்தான் 80, 100 நானோமீட்டர் அளவில் கொழுப்புப் பொட்டலம் கட்டுகிறீர்கள். பொட்டலம் கட்டினால் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிக்கொள்கின்றன. தப்பித்துக் கட்டிவரை போனால், கட்டியைச் சுற்றிய நார்ச்சதையில் சிக்குகிறது. அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் தின்கின்றன. அதையும் தாண்டி ஒரு புற்றுநோய் செல் துகளை உள்ளே எடுத்தாலும், அதை ஒரு பைக்குள் போட்டு அடைக்கிறது. அந்தப் பையை உடைத்து வெளியே வருவது 1 முதல் 2 சதவீதம் என்று 2013-இல் கொழுப்புத் துகள்களை வைத்து அளந்து சொன்னார்கள். மற்றதெல்லாம் பைக்குள்ளேயே செரிந்துபோகிறது.

அப்பா போட்ட கோட்டுக்கு வலப்பக்கம் எழுதவேண்டிய எண்ணை நான் கண்டுபிடித்தது 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில். அவர் கேட்பதற்கு முன்பே அது வந்திருந்தது, எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. டொராண்டோவில் வாரன் சானின் குழு அதற்கு முந்தைய பத்து வருடத்தில் வந்த 117 ஆய்வுகளை எடுத்து அலசியது. ஊசியில் செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பில், 0.7 சதவீதம். ஆயிரம் போட்டால் ஏழு. 2018-இல் அதே குழு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தது. கட்டி வரைக்கும் போனது சரி, புற்றுநோய் செல்லுக்கே போனது எவ்வளவு என்று எலிகளில் எண்ணினார்கள். செல்லை அடையாளம் காண முகவரி ஒட்டி அனுப்பிய துகள்கள் அவை. அப்படியும் 10 லட்சத்துக்கு 14 கூடத் தேறவில்லை. கட்டியில் இருந்த நூறு புற்றுநோய் செல்லில் இரண்டுதான் துகளைத் தொட்டிருந்தது.

இந்த எண்களைப் பார்த்து எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை. இத்தனைக்கும் மேல் இந்த மருந்து எலிகளில் கட்டியைச் சுருக்குகிறது என்றால், அது எவ்வளவு வலுவானது என்றுதான் தோன்றியது. ஆயிரத்துக்கு ஏழை எழுபதாக்க முடிந்தால் என்ன ஆகும்? நான் கேட்பது அந்த எண்ணை மறைக்காமல் முன்னால் வையுங்கள் என்பதுதான்.

உங்கள் கட்டுரைகளை என்னால் முடிந்தவரை படிக்கிறேன். பலவற்றில் துகளின் அளவு இருக்கிறது, மின்னூட்டம் இருக்கிறது, மின்நுண்ணோக்கியில் எடுத்த அழகான படம் இருக்கிறது, கட்டி சுருங்கும் வரைபடம் இருக்கிறது. மருந்து எங்கே போனது என்பதற்கு மட்டும் ஒளிரும் எலியின் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். சிவப்பாக ஒளிரும் இடம் கட்டி. சரி, எவ்வளவு? கல்லீரலில் எவ்வளவு, மண்ணீரலில் எவ்வளவு, நல்ல நுரையீரலில் எவ்வளவு, கட்டியில் எவ்வளவு, கட்டிக்குள் இருக்கும் புற்றுநோய் செல்லுக்குள் எவ்வளவு? செலுத்திய மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று ஓர் அட்டவணை, கட்டுரையின் சுருக்கத்திலேயே ஒரு வரி. இதழாசிரியர்களே, இது இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். வரவு மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டார்.

அடுத்தது, எலியின் விலா. இதைச் சொல்லாமல் விடமுடியவில்லை.

'நுரையீரல் புற்றுநோய் எலி' என்று நீங்கள் எழுதுவதை நானும் பல காலம் நுரையீரலில் புற்றுநோய் வந்த எலி என்றே நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. 1972-இல் ஒரு மனிதரின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த ஏ549 போன்ற செல்களை எலியின் விலாப்பக்கத் தோலுக்கு அடியில் ஊசியால் வைக்கிறீர்கள். அங்கே ஒரு கொட்டைபோல வளர்கிறது. வெளியிலிருந்தே அளவுகோலை வைத்து அளக்கலாம், வசதிதான். ஆனால் அந்தக் கட்டிக்கு மூச்சு கிடையாது, சளி கிடையாது, விரிந்து சுருங்கும் நுரையீரல் கிடையாது. வேகமாக வளர்ந்ததால் அதன் இரத்தக் குழாய்கள் பொத்தலாக இருக்கின்றன, துகள் எளிதாகக் கசிந்து உள்ளே இறங்குகிறது. 1986-இல் மட்சுமுராவும் மயேதாவும் சொன்ன அந்தக் கசிவை நம்பித்தான் நானோ மருந்துத் துறையில் பாதி எழுந்து நிற்கிறது. மனிதரின் கட்டி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்ந்தது. ஆளுக்கு ஆள், ஒரே ஆளில் கட்டிக்குக் கட்டி, கசிவு வேறுபடுகிறது. இன்னொன்று, மனிதச் செல் அந்த எலியின் உடம்பில் தங்கவேண்டும் என்பதற்காகவே நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்த எலியாகப் பார்த்து எடுக்கிறீர்கள். அப்படியானால் மருந்தால் நோயெதிர்ப்பு மண்டலம் வெகுண்டு எழுமா என்பதை அந்த எலி எப்படிக் காட்டும்?

எழும் என்பதற்குச் சான்று இருக்கிறது. எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற மருந்தை, அதாவது கட்டியை அடக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.-வின் (செல்லிலேயே இருக்கும் ஒரு சிறு ஆர்.என்.ஏ.) நகலைக் கொழுப்புத் துகளில் ஏற்றி, 2013-இல் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். நோயெதிர்ப்பு சார்ந்த கடுமையான பின்விளைவுகளால் 2016-இல் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். அதற்கு முன்பே, 2008-இல், கண்ணில் கொடுத்த சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளின் பலனைச் சோதித்தவர்கள், அந்தப் பலன் மரபணுவை அடக்கியதால் வரவில்லை, செல்லின் மேலிருக்கும் அபாய மணியைத் தட்டியதால் வந்தது என்று காட்டினார்கள். எந்த எழுத்து வரிசையைக் கொடுத்தாலும் அதே பலன்தான். ஆகவே கட்டி சுருங்கியது என்று சொல்வதோடு விடாமல், குறிவைத்த செய்தி கட்டிக்குள் உண்மையிலேயே வெட்டுப்பட்டதா என்றும் காட்டுங்கள். அர்த்தமில்லாத எழுத்து வரிசையை அதே துகளில் ஏற்றிக் கொடுத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள். பலர் செய்கிறீர்கள். எல்லாரும் செய்யவேண்டும்.

இப்படி நேர்மையாக அளந்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. மார்க் டேவிஸின் குழு 2008-இல் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பாலிமரால் செய்த துகளில் ஏற்றி, புற்றுநோயாளிகளுக்கு இரத்தத்தின் வழியாக இந்த மருந்தைக் கொடுத்தது. 2010-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களின் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்து, துகள் செல்லுக்குள் போயிருக்கிறது, போட்ட அளவுக்குத் தக்கபடி போயிருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு நோயாளியில், செய்தி சரியாக வெட்டவேண்டிய இடத்தில் வெட்டுப்பட்டிருந்ததையும் காட்டினார்கள். ஒரே ஒருவரில்தான். ஆனால் அந்த ஒன்றை நான் நம்புகிறேன், ஏனென்றால் போட்டதையும் சேர்ந்ததையும் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். அந்த மருந்து பிறகு கைவிடப்பட்டது. அந்த அளவீடு இன்னும் நிற்கிறது.

இனி மூச்சு வழியாகக் கொடுப்பது. நுரையீரலுக்குத்தானே மருந்து, இரத்தத்தைச் சுற்றிப் போவானேன், மூச்சிலேயே இழுத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டமாரா மின்கோவோடு வேலை செய்தவர்கள், கீமோ மருந்தையும் அந்த மருந்துக்குக் கட்டி காட்டும் எதிர்ப்பைக் குறைக்கும் ஆர்.என்.ஏ. துண்டுகளையும் ஒரே கொழுப்புத் துகளில் ஏற்றி எலிகளுக்கு மூச்சு வழியே கொடுத்து 2013-இல் எழுதினார்கள். ஊசியைவிட நுரையீரலில் அதிகம் தங்கியது. எனக்கும் இந்த வழியின் மேல்தான் ஆசை அதிகம்.

ஆனால் நான் நெபுலைசரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். கடைசி மாதங்களில் அப்பாவுக்கு மூச்சிரைப்புக்காக நாளைக்கு நாலு தடவை வைப்போம். மாஸ்க்கை அழுத்திப் பிடித்தாலும் கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்ததால் இரண்டு பக்கமும் இடைவெளி. அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் பனி உள்ளே போகும். வெளியே விடும்போது அதைவிட அதிகமாகக் கண்ணுக்கும் நெற்றிக்கும் ஏறும். கண்ணாடியைக் கழற்றாமல் விட்டால் மங்கிப்போகும். இருமல் வந்தால் எல்லாம் வீண். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குப்பியின் அடியில் மருந்து மிச்சம் கிடக்கும், தலையணை உறை ஈரமாக இருக்கும். வலது நுரையீரலின் மேல்மடலுக்குப் போகும் குழாயைக் கட்டி நெரித்துவைத்திருந்தது. காற்று நன்றாகப் போய்வந்தது நோயில்லாத பக்கத்தில். நோய் இருந்த பக்கம் மூச்சே அரைகுறை.

உங்கள் துகள் இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும். நெபுலைசர் திரவத்தைப் பனியாக உடைக்கும் வேகத்தில் கொழுப்புப் பொட்டலம் சிதையாமல் தாங்கவேண்டும். ஆழம்வரை இறங்க, பனித்துளி 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்கவேண்டும். வழியில் சளி பிடித்துக்கொள்ளும், குழாயில் இருக்கும் நுண்மயிர்கள் மேலே தள்ளும், காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் காத்திருக்கும். எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி, வாய் திறந்து இரைக்கும் கிழவரை அது எனக்குக் காட்டாது. நுரையீரல் எவ்வளவு மென்மையானது என்பதும் தெரிந்ததுதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு மூச்சு வழியே இதே வகை மருந்தைச் சோதித்த நிறுவனம், எலிகளில் நீண்டகாலம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நுரையீரலில் அழற்சி தெரிந்ததும், 2021-இல் மனிதச் சோதனையை நிறுத்தியது. நிறுத்தியதை வெளியே சொன்னது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட பேச்சுதான்.

இன்னொரு விஷயமும் அடிக்கடி விட்டுப்போகிறது. நுரையீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போதே பலருக்கு மூளைக்கோ எலும்புக்கோ போயிருக்கிறது. அப்பாவுக்கு இடுப்பெலும்பில் இருந்தது. மூச்சு வழியே வந்த மருந்து அங்கே என்ன செய்யும்? யாருக்கு மூச்சு வழி, யாருக்கு ஊசி, யாருக்கு அறுவைக்குப் பிறகு மிச்சமிருக்கும் செல்களை மட்டும் குறிவைப்பது என்று இப்போதே பிரித்துப் பேசுங்கள்.

நிதி தருகிறவர்களிடம் ஒரு வார்த்தை. 2010-இல் ரோஷ் என்ற பெரிய மருந்து நிறுவனம் இந்தத் துறையை விட்டுப் போனது. மெர்க் 2006-இல் 110 கோடி டாலருக்கு வாங்கிய சிர்னா நிறுவனத்தை 2014-இல் 2.5 கோடி டாலர் ரொக்கத்துக்கும் 15 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கும் விற்றுவிட்டது. அந்த வருடங்களில் எல்லாரும் போயிருந்தால் 2018-இல் முதல் மருந்து வந்திருக்காது. கல்லீரலுக்குப் பொட்டலம் கட்டப் பொறுமையாக உட்கார்ந்தவர்களால்தான் அது வந்தது, அதே கொழுப்புத் துகள் அறிவுதான் 2020-இல் கோவிட் தடுப்பூசிகளுக்கும் கைகொடுத்தது. நுரையீரலுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். புதிதாக ஒரு துகளைக் கண்டுபிடித்தேன் என்பவருக்குப் பணம் கிடைக்கிறது. பழைய பத்துத் துகள்களை ஒரே எலி மாதிரியில், ஒரே அளவுமுறையில் வைத்து ஒப்பிட்டு எது எங்கே போகிறது என்று எண்ணுகிறவருக்குக் கிடைப்பதில்லை. அவருக்குக் கொடுங்கள். 2020-இல் டேனியல் சீக்வர்ட்டின் குழு, கொழுப்புக் கலவையில் நேர்மின்னூட்டமுள்ள ஒரு கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்தால் துகள் கல்லீரலை விட்டு நுரையீரலுக்குத் திரும்புகிறது என்று எலிகளில் காட்டியது. அவர்கள் ஏற்றியது வேறு வகை ஆர்.என்.ஏ., போய்ச் சேர்ந்ததில் பெரும்பங்கு இரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில். கட்டிக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் அது 'எங்கே போகிறது' என்ற கேள்வியை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு செய்த வேலை.

தோற்ற முயற்சிகளையும் வெளியிடுங்கள். கட்டிக்குப் போகாமல் போன துகளின் கணக்கு அலமாரியில் பூட்டிக் கிடந்தால், இன்னொரு ஆய்வகத்தில் இன்னொரு மாணவர் மூன்று வருடம் செலவழித்து அதையே கண்டுபிடிப்பார். 2022-இல் மட்டும் உலகத்தில் சுமார் 18 லட்சம் பேர் நுரையீரல் புற்றுநோயில் இறந்திருக்கிறார்கள். வேறு எந்தப் புற்றுநோயிலும் இத்தனை பேர் இறக்கவில்லை. அந்த மூன்று வருடம் யாருடைய மூன்று வருடம் என்று எனக்கு நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

பத்திரிகைக் குறிப்பு எழுதும்போது 'எலிகளில்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடுங்கள். விலாவில் வளர்த்த கட்டி என்றால் அப்படியே சொல்லுங்கள். நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கீமோ ஏறும் கையோடு பென்சில் எடுத்துக் கோடு போடுகிறவர்கள் நாங்கள். அரைகுறையாகச் சொன்னதை நம்பி, 'அந்த மருந்து எப்போது வரும்' என்று ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் கேட்டு, அவர் தலையைக் குனிவதைப் பார்ப்பதுதான் எங்களால் தாங்கமுடியாதது.

மனிதச் சோதனைக்கு ஆள் சேர்க்கும் நாள் வரும்போது, ஒப்புதல் படிவத்தில் ஒரு சின்ன அட்டவணை சேருங்கள். போட்டது இவ்வளவு. விலங்குகளில் கட்டிக்குச் சேர்ந்தது இவ்வளவு, கல்லீரலுக்குப் போனது இவ்வளவு. மனிதரில் எவ்வளவு என்பதை உங்கள் உதவியோடுதான் கண்டுபிடிக்கப்போகிறோம், அதற்காக ஒரு முறை கட்டியிலிருந்து சதை எடுக்கவேண்டியிருக்கும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்பாவாக இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்தப் படிவத்தைச் சாதாரணத் தமிழில் எழுத ஆள் தேவைப்பட்டால், நோயாளி ஒருவர் படித்தால் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டால், கூப்பிடுங்கள். சம்பளம் வேண்டாம். கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், துணுக்கு இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கணக்கரின் மகள்